சிவப்பு மூடி, நீல மூடி

கோபத்துக்கு அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் பட்டா. பெரியவளுக்கு. மற்றவர்களுக்கும் கோபம் வரும்தான். ஆனால் பெரியவள் பக்கத்தில் இருக்கும்போது வராது.

அப்படிப்பட்டவளுக்கு இன்றைக்கு நியாயமான காரணமும் கிடைத்துவிட்டது. கேட்க வேண்டுமா?

பழைய கதையைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வோம். தம்பி சின்னவனுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள் பெரியவள். அக்கா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே பேசியது. பேசிப் பேசித் தெருவும் மறந்தது. அவள் மட்டும் யாரையும் மறக்க விடவில்லை.

இத்தனை நாள் ஒழுங்காய் ஓடிய அந்தக் கிட்னி இப்போது மக்கர் பண்ணுகிறது. சின்னவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். கிட்னிக்குள் ஊசி விட்டு நூல் தடிமனில் ஒரு சதைத் துணுக்கு எடுத்து, அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த லேபின் டாக்டரே பெரியவள்தான்.

இதற்கிடையில் நேற்று சாயங்காலம், துணி துவைக்கப் போன அம்மா சோப்புத்தூள் டப்பாவுக்குள் கை விட்டாள். தூளுக்கு அடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்காதவை. சின்னவன் தினமும் சாப்பிட வேண்டிய அதே மாத்திரைகள். ஒளித்து வைத்தது யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த டப்பா சின்னவன் பெண்டாட்டியின் ராஜ்ஜியம். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்; தெருவில் அவளுக்கு வேன்காரி என்றே பெயர்.

அம்மா வாயைத் திறக்காமல் அட்டைகளைப் பெரியவள் கையில் கொடுத்தாள். அம்மாக்கள் சில சமயம் வாயைத் திறக்காமலேயே போதுமான அளவு பேசிவிடுவார்கள்.

காலையில் லேபுக்குள் நுழையும்போதே பெரியவள் செருப்புச் சத்தம் சரியில்லை. சொட்டு தன் ஸ்டூலை ஓரமாய் இழுத்துக்கொண்டான்.

சொட்டு லேப் டெக்னீஷியன். வயது நாற்பதைத் தாண்டியவன், வழுக்கை, இரண்டு பெண்களுக்கு அப்பா. கண்ணாடித் துண்டுகளின் மேல் மருந்தைச் சொட்டுச் சொட்டாய் விடுவதே பிழைப்பு என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஸ்லைடு ரெண்டும் ரெடி மேடம்," என்றான். "ஆனா... சொந்தக்காரங்க ஸ்லைடை வேற டாக்டர் பாக்கறதுதானே வழக்கம்?"

"வேற டாக்டர் லீவு. நீ பாக்கறியா?"

சொட்டு கண்ணாடித் தட்டை நீட்டிவிட்டு நகர்ந்தான்.

விஷயம் இதுதான். அடுத்தவர் உறுப்பு உடம்புக்குள் வந்தால் வெள்ளணுக்கள் சும்மா இருக்காது. அவை உடம்பின் காவல்காரர்கள். 'யாரடா நீ' என்று கும்பலாய்ப் போய் அடிக்கும். அவற்றை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. மாத்திரை நின்றால் காவல்காரர்கள் கிளம்பிவிடுவார்கள்.

சின்னவன் கிட்னித் துணுக்கில் வெள்ளணுக் கூட்டம் இருப்பது சாதாரணச் சாயத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சாயத்தில் எல்லா வெள்ளணுவும் ஒரே மாதிரி ஊதாப் பொட்டுத்தான். அதில் உறுப்பை அடிக்கிற டி செல் எது, இன்னொரு வகையான பி செல் எது என்று மைக்ராஸ்கோப்பை எவ்வளவு முறைத்தாலும் தெரியாது. அதைச் சொல்வது ஆன்டிபாடி. ஆன்டிபாடி, ஒரே ஒரு முகத்தை மட்டும் அடையாளம் தெரிந்த ஆள் மாதிரி. டி செல்லுக்கான ஆன்டிபாடியைச் சொட்டினால் அது கூட்டத்துக்குள் புகுந்து டி செல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் கடைசியில் பழுப்பு நிறமாகும். பி செல்லுக்கு வேறு ஆன்டிபாடி, வேறு கண்ணாடி.

இரண்டும் சுண்டுவிரல் உயரத்துக் குட்டி பாட்டில்கள். லேபிளில் எழுத்து கொசுக் கால் மாதிரி. அதனால் அந்த லேபில் மூடிதான் அடையாளம். 'சிவப்பு மூடி டி, நீல மூடி பி' என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எழுதி ஒட்டியவள் பெரியவள்.

அவள் டி என்று எழுதிய கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கிட்னி முழுக்கப் பழுப்பு. பி என்று எழுதியதை வைத்தாள். அங்கொன்றும் இங்கொன்றும்.

ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் யாருக்கோ எப்போதோ எடுத்த டான்சிலில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதில் எல்லா வெள்ளணுவும் உண்டு என்பதால், அது நிறம் பிடித்தால் சாயம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். நிறம் பிடித்திருந்தது. போதும்.

டி செல் கூட்டம். உடம்பு கிட்னியை நிராகரிக்கிறது. மாத்திரை சாப்பிடாத ஆளின் கிட்னி எப்படி இருக்குமோ அப்படி.

பார்ப்பதற்கு முன்னாலேயே அவளுக்கு இது தெரியும். சோப்புத்தூள் வாடை இன்னும் கைப்பையில் அடித்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

கிட்னி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "நிராகரிப்புத்தான்னு உறுதியா மேடம்? அப்ப மதியம் பெரிய மருந்தை ஏத்திடலாம்," என்றார். டி செல்களை வேரோடு ஒழிக்கிற மருந்து அது. நிராகரிப்பு என்றால் காப்பாற்றும். இல்லையென்றால் என்ன ஆகும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பெரியவள் பார்த்துவிட்டாள் அல்லவா?

வார்டு வாசல் பெஞ்சில் வேன்காரி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கயிறு கட்டிய மஞ்சள் பாஸ். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், அது இல்லாமல் காவலாளி உள்ளே விட மாட்டான். பக்கத்தில் அம்மா.

"எழுந்திருடி."

"என்ன அண்ணி, ரிப்போர்ட் வந்துடுச்சா?"

பெரியவள் மாத்திரை அட்டைகளை அவள் மடியில் எறிந்தாள். இரண்டு அட்டைகள் வழுக்கித் தரையில் விழுந்தன. வேன்காரி அதைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள்.

"ஒளிச்சு வெக்க சோப்புத்தூள் டப்பாவை விட்டா வேற இடம் கிடைக்கலியா உனக்கு? கக்கூஸ்ல கொட்டியிருந்தா தடயமே இருந்திருக்காதே!"

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். எல்லாருக்கும் கேக்கட்டும்! என் விலாவைக் கிழிச்சு எடுத்துக் குடுத்தேன்டி. நீ அதைக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிச்சிருக்கே. என் ரெண்டு கண்ணால பார்த்துட்டு வரேன்."

அடுத்த கட்டில்காரர்களின் சொந்தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். காவலாளி வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்று நன்றாகவே கேட்டான்.

"ஒளிச்சது நான்தான்," என்றாள் வேன்காரி. "ஏன்னு அவரைக் கேளுங்க."

"அவனை எதுக்குக் கேக்கணும்? நீ விஷத்தைக் கலந்து குடுத்தாலும் சர்க்கரை பத்தலைன்னு சொல்ற பய அவன்!"

"அத்தை, நீங்களாவது..."

அத்தைக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

பெரியவள் கையை நீட்டினாள். கேட்கத்தான் நீட்டுகிறாள் என்று வேன்காரி நினைத்தாள். பெரியவள் கேட்கவில்லை. அந்த மஞ்சள் பாஸைப் பிடித்து இழுத்தாள். கயிறு காதில் மாட்டி, கூந்தலைக் கலைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"இனிமே என் தம்பி பக்கம் உன் நிழல் விழக் கூடாது."

வேன்காரி கூந்தலை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். கீழே கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, பெஞ்சில் அடுக்கி வைத்தாள்.

"நீங்க கேள்வி கேக்க வரலை அண்ணி. தீர்ப்பை எழுதி எடுத்துட்டு வந்திருக்கீங்க. எழுதி முடிச்சவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

வேன் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். பெரியவள் பாஸை அம்மா கழுத்தில் மாட்டினாள். அம்மாவுக்கு அது பொருந்தவில்லை.

கோபத்தில் ஒரு வசதி உண்டு, பசிக்காது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே பெரியவள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள். வேலை எதுவும் இல்லை. படம் எடுக்க வேண்டும். 'நான் என்னத்தைச் சொல்ல' என்று வேன்காரி கேட்டாள் அல்லவா? அவள் புருஷன் கிட்னியைப் படமெடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். இந்தா, நீ செய்த வேலை, பார்.

நல்ல படம் வேண்டுமே என்று லென்ஸைக் குறைத்து, கண்ணாடியை ஓரத்திலிருந்து மெதுவாய் நகர்த்தினாள். முதலில் வந்தது டான்சில்.

அவள் கை நின்றது.

டான்சிலுக்குள் வெள்ளணுக்கள் இஷ்டத்துக்குக் குடியிருப்பதில்லை. பி செல்கள் உருண்டை உருண்டையாய்க் கூடி வாழும். டி செல்கள் அந்த உருண்டைகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளில். முதல் வருஷ மாணவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

டி என்று எழுதிய அந்தக் கண்ணாடியில் சந்துகள் பழுப்பு ஏறாமல் வெறிச்சென்று கிடந்தன. உருண்டைகள்தான் பழுப்பு.

பெரியவள் பி கண்ணாடியைப் பிடுங்கி மாட்டினாள். அதில் உருண்டைகள் வெறிச்சோடி இருந்தன. சந்துகள் பழுப்பு.

காலையில் டான்சில் நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

"சொட்டு!"

சொட்டு வாயில் சோற்றோடு ஓடி வந்தான்.

"பாட்டிலை எடு. ரெண்டையும். இப்பவே!"

குட்டி பாட்டில்கள் மேஜைக்கு வந்தன. பெரியவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு லேபிளை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தாள். சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் பி. நீல மூடிக்குக் கீழே டி.

"இதை யாருடா மாத்தினது?"

சொட்டு சோற்றை விழுங்கினான். "நேத்து... மூடியில மருந்து காஞ்சு போய் அடைச்சிருந்துச்சு மேடம். ரெண்டையும் கழட்டித் தொடைச்சேன். திருப்பி மாட்டும்போது மாறியிருக்கும்."

"லேபிளைப் படிச்சியா?"

"யாரு மேடம் லேபிளைப் படிக்கறாங்க? மூடியைத்தானே..." என்று ஆரம்பித்து, அவன் கண் தானாக ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனது. அங்கே அவள் கையெழுத்தில், சிவப்பு மசியில் ஒன்று, நீல மசியில் ஒன்று.

அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அவளுடைய எழுத்தே அவளை முறைத்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். அதில் என்ன லாபம்? ஒரு லாபமும் இல்லை.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. கிட்னியில் இருப்பது டி செல் கூட்டம் அல்ல, பி செல் கூட்டம். காவல்காரர்கள் கிளம்பி வந்து போட்ட அடிதடி இல்லை இது. காவல் அளவுக்கு மீறி அடங்கிப்போனால், பி செல்களுக்குள் பதுங்கியிருக்கும் பழைய வைரஸ் ஒன்று தலையெடுக்கும். அப்புறம் அந்த பி செல்கள் கேட்பாரில்லாமல் பெருகும். அதற்கு வைத்தியம் மாத்திரையைக் குறைப்பது. மிச்சமிருக்கிற டி செல்லையும் ஒழிக்கிற பெரிய மருந்தை ஏற்றினால், தட்டிக் கேட்கிற கடைசி ஆளையும் விரட்டிவிட்டதாக ஆகும். சின்னவன் பிழைக்க மாட்டான்.

மணியைப் பார்த்தாள். மதியம் ஆகிவிட்டது.

வார்டுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ரிசீவரை வைக்கக்கூட இல்லை; அது மேஜை ஓரத்தில் தொங்க, படியேறி ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை. விலாவில் பழைய தழும்பு இழுத்துப் பிடித்தது.

நர்ஸ் பாட்டிலை மாட்டிவிட்டாள். குழாயில் மருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. சின்னவன் கையிலிருந்த ஊசியில் இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

"நிறுத்துங்க!"

நர்ஸ் திடுக்கிட்டுக் குழாயைக் கீழே விட்டாள். மருந்து படுக்கையில் சிந்தியது.

கிட்னி டாக்டர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. சாதுவான மனுஷர், சாதுவுக்கு வருகிற கோபம் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

"காலையில கையெழுத்துப் போட்டது யாரு மேடம்?"

"நான்தான்."

"உறுதியான்னு கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க."

"இதை ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சொந்தத் தம்பி ஸ்லைடை நீங்க ஏன் பாத்தீங்க? உங்க லேபுல யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்களா?"

கேட்டான். சொட்டு கேட்டான். நீ பார்க்கிறாயா என்று அவன் வாயை அடைத்தாள். இதைச் சொல்லவில்லை. நின்று வாங்கிக்கொண்டாள். வாங்கிப் பழக்கமில்லாதவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

"மறுபடி சாயம் போட்டு சரிபார்க்கறேன். பி செல் எல்லாம் கலப்புக் கூட்டமா, இல்ல ஒரே ஒரு செல்லோட வாரிசுங்களான்னும் பார்க்கணும். கலப்புன்னா மாத்திரையைக் குறைச்சாலே அடங்கலாம்."

"ஒரே வாரிசுன்னா?"

அப்படியென்றால் புற்றுநோய். இரண்டு பேருமே டாக்டர்கள். பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.

"இந்தத் தடவை வேற லேப் டாக்டரும் சேர்ந்து பாக்கணும்," என்றார் அவர், போகிற போக்கில்.

சின்னவன் இதையெல்லாம் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா கட்டில் ஓரத்தில் வந்து நின்றதும் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே தப்புப் பண்ணினால் அப்படித்தான்.

"மாத்திரை எப்படிடா சாப்பிட்டே?"

"ஒழுங்காத்தான்க்கா."

"பொய் சொன்னா பல்லைப் பேத்துடுவேன்."

சின்னவன் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தான். "சில நாள் ஒரு வேளைக்கு ரெண்டு தடவை போட்டுக்குவேன்."

"ஏண்டா?"

"போட்டோமா இல்லியான்னு சந்தேகம் வந்துடும். விட்டுப் போயிருந்தா? நீதானே சொன்னே, ஒரு வேளை விட்டாலும் எல்லாம் போச்சுன்னு. அதான் இன்னொண்ணு. நீ அவசரத்துக்குன்னு வாங்கித் தந்தது பீரோ நிறைய இருந்துச்சே."

"மருந்து அளவு பாக்க ரத்தம் எடுக்கறப்ப தெரிஞ்சிருக்கணுமே!"

"அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் சரியாப் போட்டுக்குவேன். மாட்டிக்கக் கூடாதுல்ல?"

அவனை அறையலாம் போல் இருந்தது. கையில் ஊசி குத்தியிருந்ததால் தப்பினான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் பாத்துட்டா. வீடே ரெண்டாயிடுச்சு. இருந்த அட்டையெல்லாம் வாரிக்கிட்டுப் போய் ஒளிச்சு வெச்சுட்டா. அதுக்கப்புறம் வேளாவேளைக்கு அவளே கையில குடுப்பா, முழுங்கற வரைக்கும் முன்னாடி நிப்பா. நானும் வீடெல்லாம் தேடினேன்." கொஞ்சம் யோசித்தான். "சோப்புத்தூள்னு காலையில நீ கத்தினப்பதான் தெரிஞ்சுது."

"கேட்டுச்சா? அப்ப எழுந்து வந்து சொல்றதுக்கு என்னடா?"

சின்னவன் போர்வை நுனியைத் திருகினான்.

"என்கிட்ட ஏன்டா ரெண்டு பேரும் சொல்லலை?"

"சொல்றேன்னுதான் நின்னா. நான்தான் கையைப் புடிச்சுக் கெஞ்சினேன், சத்தியம் வாங்கிட்டேன்." போர்வை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. "பயமா இருந்துச்சுக்கா."

"எதுக்கு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பள்ளிக்கூட வாசலில் வேன்கள் வரிசையாய் நின்றன. மணி இன்னும் அடிக்கவில்லை. வேன்காரி தன் வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். போன் சீட்டின் மேல் கிடந்தது. அதில் பெரியவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்கப்படாத அழைப்புகள்.

பெரியவள் ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே எதிரில் போய் நின்றாள்.

"சின்னவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

துணி நிற்கவில்லை.

"ஸ்லைடு மாறிப்போச்சு. என் லேபுல நடந்த தப்பு. நான் பாத்ததும் தப்பு. நீ ஒளிச்சு வெச்சதாலதான் இந்த அளவோட நின்னிருக்கு."

"அவருக்கு ஊசி போட்டாச்சா?"

"போடலை. நிறுத்திட்டேன்."

வேன்காரி வேனின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். மூச்சை விட்டாள். திரும்பியபோது கண் சிவந்திருந்தது, அழுததால் இல்லை.

"ஏன் ரெண்டு தடவை போட்டார்னு கேட்டீங்களா?"

"பயம்னு சொன்னான்."

"எதைப் பாத்து பயம்னு சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்றேன், கேட்டுக்கோங்க." துணியை பானட்டின் மேல் அறைந்தாள். "மழையில நனைஞ்சா 'என் கிட்னி'. ஊறுகாயைத் தொட்டா 'என் கிட்னி'. ஒரு தும்மல் போட்டா போன் அடிச்சு 'என் கிட்னி எப்படிடா இருக்கு'ன்னு கேப்பீங்க. 'நீ எப்படிடா இருக்கே'ன்னு ஒரு நாள் கேட்டதுண்டா? ராத்திரி தூக்கத்துல எழுந்து உக்காந்து, 'மாத்திரை போட்டேனா, போட்டேனா'ன்னு அந்த மனுஷன் நடுங்கறதை நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். அவருக்குச் சாகறதுக்குப் பயமில்ல அண்ணி. உங்க சாமானை உடைச்சுட்டோம்னு உங்க முன்னாடி நிக்கறதுக்குத்தான் பயம்."

"நான் அவனுக்காகத்தானே..."

"குடுத்தீங்க. இல்லேன்னு சொல்லலை. காலத்துக்கும் நன்றி. ஆனா குடுத்துட்டு இன்னும் கையை எடுக்கலை நீங்க."

பெரியவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எத்தனை வருஷப் பழக்கம். திருப்பிக் கொடுக்க வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன. 'நீ யாருடி' என்பது முதலில் நின்றது. அவள் பல்லைக் கடித்தாள். வருகிற வழியில் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்த மஞ்சள் பாஸைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

வேன்காரி அதைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"இதைப் பள்ளிக்கூட வாசல்ல வெச்சா என் கழுத்துலேர்ந்து உருவினீங்க?"

மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு ஓடி வந்தார்கள். வேன்காரி கதவைத் திறந்துவிட்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினாள்.

"எங்க உருவினீங்களோ அங்க வெச்சுக் குடுங்க. அத்தனை பேரும் அங்கதான் இருப்பாங்க. இவங்களை இறக்கி விட்டுட்டு வரேன்."

பார்வையாளர் நேரம். வார்டு வாசல் நிரம்பி வழிந்தது. காலையில் வேடிக்கை பார்த்த பக்கத்துக் கட்டில் சொந்தங்கள், அந்தக் காவலாளி, பெஞ்சில் அம்மா, எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தர்கூடக் குறையவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் யாருக்குத்தான் வீட்டுக்குப் போக மனசு வரும்?

வேன்காரி படியேறி வந்து, காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

பெரியவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மருத்துவக் கூட்டங்களில் நூறு பேருக்கு முன்னால் தண்ணீர் பட்ட பாடாய்ப் பேசுகிறவள்.

"காலையில இவளைப் பத்தி நான் பேசினது அத்தனையும் பொய்," என்றாள். குரல் வேண்டிய அளவுக்கு எழவில்லை. இன்னும் உரக்க, கிட்டத்தட்ட அதட்டலாய், மறுபடியும் சொன்னாள். "பொய்! இவ என் தம்பி உசிரைக் காப்பாத்தத்தான் அந்த மாத்திரையை ஒளிச்சு வெச்சா. தப்புப் பண்ணினது நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முயற்சி பண்ணினா, நான் கேக்கலை."

மன்னிப்புக் கேட்கும்போதுகூட இவளுக்குச் சண்டை போடுகிற குரல்தான் வருகிறது. என்ன செய்வது, இருக்கிற குரலில்தானே கேட்க முடியும்.

அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நானும்தான்டி..." என்று வேன்காரி கையைப் பிடிக்கப் போனாள்.

"நீங்க அப்புறம் அத்தை," என்றாள் வேன்காரி. "உங்ககிட்ட எனக்குத் தனியா இருக்கு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

பெரியவள் மஞ்சள் பாஸை நீட்டினாள். வேன்காரி வாங்கிக்கொள்ளவில்லை, தலையைக் கொஞ்சம் குனிந்தாள். பெரியவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கயிற்றை விரித்து, கூந்தலில் மாட்டாமல், காதில் உரசாமல், அவள் கழுத்தில் போட்டாள்.

காவலாளி கதவைத் திறந்தான். பெரியவளும் பழக்கத்தில் பின்னாலேயே ஓரடி வைத்தாள். டாக்டருக்கு பாஸ் எதற்கு?

வேன்காரி கதவில் கையை வைத்துத் திரும்பினாள்.

"அண்ணி. டாக்டரா வர்றதுன்னா எப்ப வேணாலும் வாங்க. அக்காவா இன்னிக்கு வராதீங்க. அவர் கொஞ்சம் தூங்கட்டும்."

கதவு மூடியது. அதிலிருந்த சிறிய கண்ணாடி வழியாகச் சின்னவன் போர்வை இறங்குவது தெரிந்தது. வேன்காரி கட்டிலில் உட்கார்ந்து அவனைத் திட்ட ஆரம்பித்திருந்தாள். அவன் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தான். பெரியவள் எதிரில் அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

டாக்டராய் உள்ளே போகலாம். ஆனால் டாக்டராய்ப் போனால், கலப்புக் கூட்டமா ஒரே வாரிசா என்று அவள் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவளிடம் இல்லை.

கைப்பையில் போன் அதிர்ந்தது. சொட்டு.

"மேடம், புது ஸ்லைடு ரெண்டையும் சாயத்துல வெச்சுட்டேன். இந்தத் தடவை லேபிளைப் படிச்சுட்டேன். சத்தமாப் படிச்சேன். ரெண்டு தடவை."

"மூடி?"

"எல்லாத்துக்கும் வெள்ளை மூடி மாத்திட்டேன் மேடம்."

பெரியவள் போனை அணைத்துவிட்டுப் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று, விலாவைப் பிடித்துக்கொண்டு, மேலே அந்தக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கிட்னி அங்கே உள்ளே இருந்தது. இல்லை. அவனுடைய கிட்னி.

கீழே லேபில் விளக்கு எரிந்தது.